பாரி பாரி என்றுபல ஏத்தி: புறநானூறு 107ஆம் பாடலின் சீர், தொடை, சொல் திரும்ப வரும் முறை

அகவல்நேயன்

நான்கே அடிகளில், பதினைந்தே சீர்களில் ஒரு மனிதனை முழுமையாகப் புகழ்ந்து முடிக்கும் பாடல் ஒன்றைப் பற்றி விரிவாகப் பேச விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன். பறம்பு நாட்டு வள்ளல் பாரியைக் கபிலர் பாடிய புறநானூற்று 107ஆம் பாடல் அது. திணை பாடாண், துறை இயன்மொழி. சீர் பிரித்து எழுதினால் இவ்வாறு நிற்கும்:

பாரி பாரி என்றுபல ஏத்தி
ஒருவற் புகழ்வர் செந்நாப் புலவர்
பாரி ஒருவனும் அல்லன்
மாரியும் உண்டீண் டுலகுபுரப் பதுவே

நாவன்மை மிக்க புலவர் எல்லாரும் பாரி, பாரி என்று ஒருவனையே பலவாறு புகழ்கிறார்கள்; உலகத்தைக் காப்பதற்குப் பாரி ஒருவன் மட்டும் இல்லையே, மாரியும் இங்கு உண்டே என்பது பொருள். இதன் கருத்தழகைப் பலரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதை மீண்டும் சொல்வது என் நோக்கமன்று. இந்தப் புகழ்ச்சியின் பெரும்பகுதி கருத்தில் நடப்பதைக் காட்டிலும் ஓசையில்தான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். அதை யாப்பின் வழியே காட்ட முடியுமா என்பதே என் கேள்வி.

என் வாதத்தைச் சுருக்கமாக வைக்கிறேன். பாரி என்னும் பெயர் பாடலில் மூன்று முறை வருகிறது. முதல் இரண்டும் புலவர் கூட்டத்தின் குரல். மூன்றாவது கபிலரின் குரல். மூன்றாம் முறை அந்தப் பெயர் அடியின் முதலில் வந்து நின்றதும், அடுத்த அடியின் முதலிலும் அதே பெயரைக் கேட்கக் காது தயாராகிவிடுகிறது. அந்த இடத்தில் கபிலர் மாரியை வைக்கிறார். ஓரெழுத்து மட்டுமே மாறியிருக்கிறது. மீதி ஓசை அப்படியே இருக்கிறது. பெயர் திரும்ப வர வேண்டிய இடத்தில் எதுகை வந்து அமர்ந்துகொள்கிறது. பாரிக்கு இணை மாரி என்று கபிலர் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘போல’ என்னும் உவம உருபும் இல்லை. ஒப்புமையை எதுகையே செய்து முடிக்கிறது.

மூன்றாம் அடி முச்சீரடியாகக் குறுகியிருப்பதும் இதற்குத் துணை செய்கிறது என்று எண்ணுகிறேன். நாற்சீருக்குப் பழகிய காது ஒரு சீருக்காகக் காத்திருக்கும்போதே மாரி வந்துவிடுகிறது. இதைப் பற்றி யாப்பறிந்த நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தளைத்தேர்வு

நல்ல தொடக்கம், ஐயா. வாதத்தை எடைபோடுவதற்கு முன் அலகிட்டு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்து, பார்த்துவிடுவது நல்லது. ஓசையைப் பற்றிய பேச்சு அலகு இல்லாமல் நடந்தால் அவரவர் உணர்ச்சியாகவே நின்றுவிடும்.

நேரசையில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையசையில் முடிவது விளம், நேரசையில் முடியும் மூவசைச் சீர் காய். முதல் அடி தேமா, தேமா, கூவிளங்காய், தேமா. இரண்டாம் அடி புளிமா, புளிமா, தேமா, புளிமா. மூன்றாம் அடி தேமா, கருவிளம், தேமா. நான்காம் அடி கூவிளம், தேமா, கருவிளங்காய், புளிமா. ஈற்றயலடி முச்சீராய், ஏனைய நாற்சீராய், ஈறு ஏகாரத்தில் முடிவதால் இது நேரிசை ஆசிரியப்பா. ஆசிரியப்பாவுக்குக் குறைந்த எல்லை மூன்றடி என்பதால், சிற்றெல்லைக்கு ஓரடியே மேலான பாடல் இது.

இதில் என்றுபல, டுலகுபுரப் என்னும் இரண்டு மூவசைச் சீர்கள் உறுத்தலாகத் தெரியலாம். காரிகை (பிற்கால யாப்பு நூலான யாப்பருங்கலக்காரிகை) வழியில் இவை காய்ச்சீர்கள். ஆசிரியப்பாவில் அவை அருகி வரலாம் என்பதால் பிழையில்லை. ஆனால் தொல்காப்பியச் செய்யுளியல் நேர், நிரையோடு நேர்பு, நிரைபு என்னும் அசைகளையும் கொள்கிறது. குற்றியலுகரம் தனியே ஓர் அசையாகாமல் முன்னுள்ள அசையோடு ஒட்டிக்கொள்ளும் முறை அது. அதன்படி ‘என்று’ நேர்பு, ‘பல’ நிரை. ‘டுலகு’ நிரைபு, ‘புரப்’ நிரை. இரண்டு சீரும் ஈரசைச் சீர்களாகிவிடுகின்றன. அதாவது, கபிலருக்கு நெருக்கமான இலக்கணத்தில் பாடல் முழுவதுமே ஈரசைச் சீர்களால் ஆனது. பிற்கால அலகீட்டில் மேடுபள்ளமாகத் தெரிவது, பழைய அலகீட்டில் சீராக ஓடுகிறது. சங்கப் பாடல்களைக் காரிகையால் மட்டுமே அளப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் சேரும் முறையான தளைக்கு வருவோம். காரிகை முறையிலேயே பார்க்கிறேன், ஏனெனில் இங்குள்ள பெரும்பாலோர்க்கு அதுவே பழக்கம். பதினைந்து சீருக்குப் பதினான்கு தளை. அவற்றுள் ஐந்து நேரொன்றாசிரியத்தளை, ஏழு இயற்சீர் வெண்டளை, ஒன்று வெண்சீர் வெண்டளை, ஒன்று கலித்தளை. கலித்தளை கடைசியில், ‘டுலகுபுரப் பதுவே’ என்ற இடத்தில் விழுகிறது. நிரைபு கொண்டு அலகிட்டால் அந்தக் கலித்தளைக்கே வேலையில்லை.

ஐந்து ஆசிரியத்தளையும் எங்கெங்கே விழுகின்றன என்று பாருங்கள். பாரி, பாரி, என்று என அடுத்தடுத்து இரண்டு இடம். புகழ்வர், செந்நா என்ற இடம். புலவர் முடிந்து பாரி தொடங்கும் இடம். அல்லன் முடிந்து மாரி தொடங்கும் இடம். முதல் இரண்டும் பெயரைக் கூவும் இடங்கள். மற்ற மூன்றும் பொருள் நின்று மூச்சு வாங்கும் இடங்கள். மூன்றாம் அடியின் உள்ளேயோ ஆசிரியத்தளை ஒன்றுகூட இல்லை. ‘பாரி ஒருவனும் அல்லன்’ முழுவதும் வெண்டளையால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரே பெயர் முதலடியில் தட்டித் தட்டி ஒலிக்கிறது, மூன்றாமடியில் நீண்டு ஓடுகிறது. உங்கள் ‘இரண்டு குரல்’ என்னும் கருத்துக்குத் தளை சாட்சி சொல்கிறது.

உரைவழிச்செல்வோன்

இருவர் எழுதியதையும் கவனமாகப் படித்தேன். அலகீட்டில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அலகீட்டிலிருந்து கருத்துக்குத் தாவும் இடத்தில் சில தடைகளை எழுப்ப வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஈற்றயலடி முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியத்தின் இலக்கணம். சங்க இலக்கியத்தில் எண்ணற்ற பாடல்கள் அப்படித்தான் முடிகின்றன. போர்க்களப் பாடலிலும் முச்சீர், கையறுநிலையிலும் முச்சீர், அகப்பாடலிலும் முச்சீர். எல்லாருக்கும் பொதுவான வடிவத்தை எடுத்து, இந்தப் பாடலில் மட்டும் அது எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது என்றால், மற்றப் பாடல்களில் அது என்ன செய்கிறது என்ற கேள்வி எழும். வடிவம் கட்டாயமாகக் கொடுத்ததைக் கவிஞரின் தேர்வு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, எதுகை. பிற்காலச் செய்யுள்களில் அடியெதுகை ஏறத்தாழக் கடமை. சங்கப் பாடலில் அப்படி இல்லை. மோனையும் எதுகையும் இயல்பாக வந்த இடத்தில் வந்தன, வராத இடத்தில் செந்தொடையாக நின்றன. தொடை இல்லாத அடிகளை அக்காலத்தார் குறையாகக் கருதவில்லை. பாரியைப் பாடும் பாட்டில் மழையைச் சொல்ல வேண்டும் என்றால், மாரி என்ற சொல் தானாகவே வந்து விழும். கொடையாளியை மழையோடு ஒப்பிடுவது அக்காலப் பொதுவழக்கு. பெயரின் அமைப்பு தந்த வாய்ப்பைக் கவிஞரின் திட்டமாகப் படிக்கிறோமோ என்று ஐயப்படுகிறேன்.

மூன்றாவது, முதலடியிலும் மூன்றாமடியிலும் பாரி என்ற அதே சொல் வருவதை எதுகை என்று எண்ணலாமா? அது சொல் திரும்ப வந்ததே அன்றித் தொடையன்று என்று கருதுவோரும் உண்டு. அப்படியானால் பாடலில் எஞ்சுவது ஈற்றடிகள் இரண்டுக்கும் இடையிலான ஒரே ஓர் எதுகை.

பாடலின் சிறப்பை மறுக்க இதை எழுதவில்லை. சிறப்பு எதனால் வருகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்ற ஆர்வத்தால் எழுதுகிறேன்.

யாப்புமாணவி

வணக்கம். இரண்டு கேள்விகள் கேட்க அனுமதிக்க வேண்டுகிறேன். நான்கு அடிகளின் முதற்சீர்களையும் அடுக்கிப் பார்த்தால் பாரி, ஒருவற், பாரி, மாரியும் என்று வருகின்றன. இரண்டாம் எழுத்துகள் ரி, ரு, ரி, ரி. ஒருவற் என்பதையும் எதுகைக்குள் சேர்க்கலாமா? மேலும், ‘உண்டீண் டுலகுபுரப் பதுவே’ என்று பிரிக்கும்போது சொற்கள் உடைந்துபோகின்றன. வாய்விட்டுப் படிக்கும்போதும் அப்படி உடைத்துத்தான் படிக்க வேண்டுமா?

தளைத்தேர்வு

மாணவி கேட்ட முதற்கேள்விக்கு எந்த இலக்கணத்தைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். தொல்காப்பியம் அடிதோறும் தலையெழுத்து ஒப்பது மோனை என்று சொல்லி, ‘அஃதொழித்து ஒன்றின் எதுகை ஆகும்’ என்று முடித்துக்கொள்கிறது. முதலெழுத்து அளவால் ஒத்திருக்க வேண்டும் என்னும் வரையறை பிற்கால நூல்களில் இறுகியது. அந்த வரையறைப்படி பாரி, மாரி இரண்டும் நெடில் முதலாகி ஒன்றுகின்றன. ஒருவற் குறில் முதலாதலால் அவற்றோடு சேராது. ஆனால் ரகரம் நான்கு அடிகளிலும் அதே இடத்தில் நிற்பதைக் காது அறியாமல் போகாது. அதை எதுகை என்று பெயரிடாவிட்டாலும், ரகரம் என்னும் ஒரே நரம்பு நான்கு அடிகளையும் கட்டுகிறது என்று சொல்வதில் தடையில்லை.

அடிகளுக்குள்ளும் அதே ரகரம் ஓடுகிறது: புகழ்வர், புலவர், மூன்றாமடியின் ஒருவனும், ஈற்றில் புரப்பது. பகரத்தையும் எண்ணிப் பாருங்கள். முதலடியில் பாரி, பாரி, பல. இரண்டாமடியில் புகழ்வர், நாப், புலவர். நான்காமடியின் முடிவில் புரப்பது. மூன்றாமடியில் மட்டும் பெயரில் உள்ள ஒரே பகரம்தான். புகழ்வர், புலவர் என்ற மோனை இரண்டாம் சீரிலும் நான்காம் சீரிலும் விழுவதால் இணை, பொழிப்பு, ஒரூஉ என்னும் வழக்கமான வகைகளுக்குள் வராது. அவை எல்லாம் முதற்சீரிலிருந்து தொடங்குபவை. ஆனாலும் புகழும் புலவரும் ஓசையால் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாம் கேள்வி வகையுளி பற்றியது. அலகிடுவதற்காகச் சொல்லை இடையில் பிரிப்பது வகையுளி. அது அளவைக் காட்டுவதற்கு மட்டுமே. படிக்கும்போது ‘மாரியும் உண்டு, ஈண்டு உலகு புரப்பதுவே’ என்று பொருள் சிதையாமல்தான் படிக்க வேண்டும்.

அகவல்நேயன்

உரைவழிச்செல்வோன் எழுப்பிய தடைகள் மிகவும் பொருத்தமானவை. அவற்றுக்கு இந்த ஒரு பாடலை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது. ஆகவே பாரியைப் பற்றிக் கபிலர் பாடிய முன்பின் பாடல்களின் முடிவுகளை எடுத்துப் பார்த்தேன். தொகுப்பில் 105 முதல் 109 வரை தொடர்ச்சியாக நிற்கும் ஐந்து பாடல்களின் ஈற்றயலடியையும் ஈற்றடியையும் மட்டும் இங்கே தருகிறேன்.

105: நீரினும் இனிய சாயற் / பாரி வேள்பாற் பாடினை செலினே
106: மடவர் மெல்லியர் செல்லினும் / கடவன் பாரி கைவண் மையே
107: பாரி ஒருவனும் அல்லன் / மாரியும் உண்டீண் டுலகுபுரப் பதுவே
108: பாரியும் பரிசிலர் இரப்பின் / வாரேன் என்னான் அவர்வரை யன்னே
109: ஆடினிர் பாடினிர் செலினே / நாடும் குன்றும் ஒருங்கீ யும்மே

நீரினும், பாரி, மடவர், கடவன், பாரி, மாரியும், பாரியும், வாரேன், ஆடினிர், நாடும். ஐந்து பாடல்களிலும் கடைசி இரண்டு அடிகள் எதுகையால் கட்டப்பட்டிருக்கின்றன. 108இலும் 109இலும் உயிர் மாறினாலும் மெய் அதுவே, முதலெழுத்தின் அளவும் அதுவே. எதுகை கட்டாயமில்லாத காலத்தில், ஒரே புலவர், ஒரே தலைவனைப் பாடும்போது, ஐந்து முறை அடுத்தடுத்து அதே இடத்தில் எதுகையை வைக்கிறார் என்றால், அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஈற்றயலடி குறுகும் இடத்தில் எதுகையால் ஒரு முடிச்சுப் போடுவது கபிலரின் கை.

முச்சீர் அனைவருக்கும் பொது என்ற தடைக்கும் இதிலேயே விடை இருப்பதாக எண்ணுகிறேன். குறுகிய அடி என்ற இடத்தை யாப்பு கொடுக்கிறது. அந்த இடத்தில் எதை வைப்பது என்பது புலவர் கையில் இருக்கிறது. 105ஆம் பாடலில் அந்த இடத்தில் நீர் இருக்கிறது. அருவி நீரினும் இனியவன் என்று நேரடியாக உயர்த்திச் சொல்லும் அந்த அடிக்கு அடுத்து, ஈற்றடியின் தலையில் பாரி வருகிறான். 107ஆம் பாடலில் அந்த இடத்தில் பாரி இருக்கிறான், ஈற்றடியின் தலையில் மழை வருகிறது. ஒரு பாடலில் நீரிலிருந்து பாரிக்கு, இன்னொன்றில் பாரியிலிருந்து மழைக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

சொற்கிடக்கையையும் கவனியுங்கள். உரைநடையில் ‘ஈண்டு உலகு புரப்பதற்கு மாரியும் உண்டு’ என்று வரும். கபிலர் மாரியை அடியின் தலைக்குக் கொண்டுவந்து, அதன் தொழிலான உலகு புரத்தலை அடியின் கடைக்குத் தள்ளியிருக்கிறார். மாரி என்ற சொல் தானாக வந்திருக்கலாம், ஆனால் அந்த இடத்துக்குத் தானாக வந்திருக்க முடியாது.

உரைவழிச்செல்வோன்

ஐந்து பாடல்களின் முடிவுகளை அருகருகே வைத்தது உண்மையிலேயே சான்று. இதை ஏற்கிறேன். நாணயமாக அடுத்த பாடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 110ஆம் பாடல் ‘யாமும் பாரியும் உளமே / குன்றும் உண்டுநீர் பாடினிர் செலினே’ என்று முடிகிறது. யாமும், குன்றும் என்பவற்றில் எதுகை இல்லை. ஆகவே, கபிலர் எப்போதும் அப்படிச் செய்தார் என்று சொல்ல முடியாது. விருப்பத்தோடு பலமுறை செய்தார் என்று சொல்லலாம்.

ஆனால் அதே 110ஆம் பாடல் வேறொரு வகையில் உங்களுக்கு உதவுகிறது. முற்றுகையிட்ட மூவேந்தரிடம், பறம்பின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் பெற்றுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, எஞ்சியிருப்பவற்றைக் கபிலர் எண்ணுகிறார்: யாமும், பாரியும், குன்றும். 107இல் ‘மாரியும் உண்டு’, 110இல் ‘குன்றும் உண்டு’. ‘உம்’ என்னும் உம்மையால் ஒன்றைச் சேர்த்து, உண்டு என்று முடிக்கும் அதே வாக்கிய நடை. ஒன்றில் அது பெருமை, மற்றொன்றில் கிட்டத்தட்டச் சவால்.

‘பாரி பாரி’ என்னும் அடுக்கைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சொல் அடுக்கி வருவதை இசைநிறை, அசைநிலை, பொருளொடு புணர்தல் என்று தொல்காப்பியம் மூன்றாக வகுக்கிறது. இங்கே அடுக்கு அடியை நிரப்ப வந்ததன்று. புலவர் பலர், அவர்கள் பாடிய பாட்டுகள் பல என்ற பன்மையை அந்த அடுக்கே உணர்த்துகிறது. அதனால்தான் அதை அடுத்து ‘பல ஏத்தி’ என்ற சொற்கள் இயல்பாகப் பொருந்துகின்றன. ஆகவே இதைப் பொருளொடு புணர்ந்த அடுக்கு என்றே கொள்கிறேன். மூன்றாம் பாரி இந்த அடுக்கில் சேராது. அது தனி வாக்கியத்தின் எழுவாய்.

ஓசைவிரும்பி

இதுவரை எழுத்தாகவே பேசியிருக்கிறோம். வாயால் சொல்லிப் பார்க்கும்போது கிடைக்கும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

பகரமும் மகரமும் பிறக்கும் இடம் ஒன்றே. ‘இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்கிறது. ஒன்று வல்லினம், மற்றொன்று அதன் இனமான மெல்லினம். பாரி என்று சொல்லச் சேர்ந்த இதழ்கள் மாரி என்று சொல்லவும் அதே இடத்தில்தான் சேர்கின்றன. மூச்சு மட்டும் மூக்கின் வழியே சற்று இளகி வருகிறது. பாரியை மூன்று முறை சொல்லிப் பழகிய வாய்க்கு மாரி என்று சொல்வதில் எந்த முயற்சியும் தேவைப்படுவதில்லை. வேறு எந்த எழுத்து முதலாக வந்தாலும் இந்த நெருக்கம் கிடைத்திருக்காது. காரி என்றொரு வள்ளலும் அக்காலத்தில் இருந்தான். அவனைப் பாடி மாரியோடு இணைத்தால் எதுகை கிடைக்கும், இதழ் ஒப்புமை கிடைக்காது.

ஔவையார் பாடிய 187ஆம் பாடலையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அதுவும் நான்கு அடி, அதுவும் நேரிசை ஆசிரியம், அதுவும் ஒரு வாழ்த்து, வாழ்த்தப்படுவது நிலம்.

நாடா கொன்றோ காடா கொன்றோ
அவலா கொன்றோ மிசையா கொன்றோ
எவ்வழி நல்லவர் ஆடவர்
அவ்வழி நல்லை வாழிய நிலனே

இங்கே கொன்றோ நான்கு முறை வருகிறது. முதல் இரண்டு அடிகளின் எட்டுச் சீர்களும் மாச்சீர். மூன்றாமடியின் மூன்று சீர்களும் விளச்சீர். நாடோ, காடோ, பள்ளமோ, மேடோ என்று மாறி மாறித் தட்டிய ஓசை, ‘எவ்வழி நல்லவர் ஆடவர்’ என்று வந்ததும் அகன்று ஓடத் தொடங்குகிறது. ஔவையார் திரும்பத் திரும்ப ஒரே சொல்லை வைத்து அதன் முன்னுள்ள சொல்லை மாற்றுகிறார். கேட்பவர் மனம் மாறுகின்ற சொல்லின் மேல் நிற்கிறது. கபிலர் ஒரே பெயரைத் திரும்பச் சொல்லி, நான்காம் இடத்தில் அந்தப் பெயரையே மாற்றுகிறார். ஔவையாரின் முறையில் எதிர்பார்ப்பு ஒருபோதும் ஏமாறுவதில்லை. எவ்வழி என்றால் அவ்வழி என்று ஒழுங்காகப் பதில் வருகிறது. கபிலரின் முறையில் எதிர்பார்ப்பு ஒரே ஓர் எழுத்தளவு ஏமாறுகிறது.

அகவலோசையில் சொல்லும்போது மூன்றாமடியின் ‘அல்லன்’ என்ற சொல்லில் குரல் தானாகவே தாழ்கிறது. அந்தச் சொல் மறுப்பு. புகழ்ச்சிப் பாட்டில் வரக்கூடாத சொல். அதைக் கேட்டவுடன், இவர் பாரியைக் குறைக்கப் போகிறாரோ என்ற எண்ணம் எழுகிறது. நான்காம் சீர் இல்லாததால் அந்த எண்ணத்துக்கு ஒரு கணம் இடம் கிடைக்கிறது. முச்சீரடி பொதுவான வடிவம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு மறுப்புச் சொல்லால் அதை முடித்தது கபிலரின் தேர்வு.

யாப்புமாணவி

ஓசைவிரும்பி அவர்கள் 187ஆம் பாடலின் மாச்சீரையும் விளச்சீரையும் பிரித்துக் காட்டியதும், 107ஐயும் அவ்வாறே பார்க்கத் தோன்றியது. என்றுபல, டுலகுபுரப் என்ற இரண்டையும் தளைத்தேர்வு ஐயா விளக்கியபடி தனியே வைத்துவிட்டால், எஞ்சிய பதின்மூன்று சீர்களில் பதினொன்று மாச்சீர். விளச்சீர் இரண்டே: ஒருவனும், மாரியும்.

இரண்டிலும் உம்மை இருக்கிறது. அந்த உம்மைதான் அவற்றை விளச்சீராக்குகிறது. ஒருவன் என்று நின்றிருந்தால் புளிமா. ஒருவனும் என்றதால் கருவிளம். மாரி என்று நின்றிருந்தால் தேமா. மாரியும் என்றதால் கூவிளம். இரண்டாமடியில் ஒருவற் என்று புளிமாவாக நின்ற சொல், மூன்றாமடியில் உம்மை ஏற்றுக் கருவிளமாக விரிகிறது. பாரி என்ற சொல் மூன்று முறையும் தேமாவாகவே நிற்கிறது. அதன் இணையான மாரி மட்டும் உம்மை ஏற்றுக் கூவிளமாகிறது.

பாட்டின் கருத்துத் திருப்பம் முழுவதும் இந்த இரண்டு உம்மைகளில்தான் இருக்கிறது. ‘இவன் ஒருவன் மட்டும் இல்லை, அதுவும் உண்டு’ என்பதுதான் கபிலர் சொல்ல வந்தது. அந்தத் திருப்பம் நடக்கும் இரண்டு சீர்களில் மட்டும் பாடலின் நடை மாறுகிறது. என்னால் இதைத் தற்செயல் என்று நம்ப முடியவில்லை. மாரியும் என்பதில் உள்ளது முன்னே சொன்னதைத் தழுவும் எச்சவும்மை என்று புரிகிறது. ஒருவனும் என்பதில் உள்ள உம்மையை எப்படிக் கொள்வது என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

உரைவழிச்செல்வோன்

மாணவியின் கண்டுபிடிப்பு இந்த இழையில் வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. நான் முன்பு கேட்ட ‘வடிவம் கொடுத்ததா, கவிஞர் தேர்ந்ததா’ என்ற கேள்விக்கு இதுவே வலுவான விடை. முச்சீரடி இலக்கணம், விளச்சீர் எங்கே விழ வேண்டும் என்பதற்கு இலக்கணம் இல்லை.

ஒருவனும் என்பதைப் பற்றி: அல்லன் என்ற எதிர்மறையோடு சேர்ந்து வருவதால், ‘பாரி ஒருவனே என்பதில்லை’ என்று மறுக்கும் பொருளுக்கு அழுத்தம் தருவதாகவே கொள்கிறேன். அடுத்து வரும் மாரியும் என்பதற்கு அது வாயில் திறந்து வைக்கிறது. இரண்டு உம்மைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன என்று சொன்னால் போதும். பெயர் சூட்டுவதில் வேறுபட இடம் உண்டு.

அணியைப் பொறுத்தவரை, பழிப்பது போலப் புகழ்தலைத் தண்டியலங்காரம் இலேசவணியின் பாற்படுத்துகிறது. இந்த அணி இங்கே கருத்தில் மட்டும் இருந்திருந்தால், ஒருமுறை புரிந்தபின் சுவை குறைந்திருக்கும். விடை தெரிந்த பிறகும் பாடல் அலுக்காமல் இருப்பதற்கு, திருப்பம் ஓசையிலும் இருப்பதே காரணம் என்பதை இப்போது ஏற்கிறேன்.

செந்நாப் புலவர் என்ற தொடரையும் விட்டுவிடக் கூடாது. அந்தப் புலவர்களைக் கபிலர் தமக்கு வெளியே வைத்துப் பேசுகிறார். ஆனால் புறநானூற்று 53ஆம் பாடலில் பொருந்தில் இளங்கீரனார் கபிலரையே ‘செறுத்த செய்யுள் செய்செந் நாவின்’ புலவர் என்று போற்றுகிறார். செறுத்த செய்யுள் என்றால் செறிந்த செய்யுள். பிறர்க்குக் கபிலர் கொடுத்த அடைமொழி அவருக்கே வந்து சேர்ந்திருக்கிறது, செறிவு என்ற காரணத்தோடு.

அகவல்நேயன்

மாணவி எடுத்துக் காட்டிய இரண்டு விளச்சீர்களை இத்தனை ஆண்டுகளாக இந்தப் பாடலைச் சொல்லிக்கொண்டிருந்தும் நான் அலகிட்டுப் பார்த்ததில்லை, மனமார்ந்த நன்றி.

இன்னும் தீராத ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன். இரண்டாமடியில் சில பதிப்புகளில் ‘ஒருவற் புகழ்வர்’ என்றும், சிலவற்றில் ‘ஒருவர்ப் புகழ்வர்’ என்றும் காண்கிறோம். இரண்டும் புளிமாவே, தளையும் மாறாது, ஆகவே யாப்பு இதைத் தீர்த்து வைக்காது. ஒருவர்ப் என்றால் ரகரம் ஒன்று கூடுகிறது; புகழ்வர், புலவர் என்பவற்றோடு சேர்ந்து அடி முழுவதும் அர் ஈறாக ஒலிக்கிறது. ஒருவற் என்றால் ஒருவன் என்ற சொல்லே வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது. அப்போது மூன்றாமடியின் ஒருவனும் அதே சொல்லின் திரும்பிய வடிவமாகிறது. புலவர் பன்மை, புகழப்படுபவன் ஒருமை என்ற எதிர்நிலையும் கூர்மையாகிறது. பன்மைப் புலவர் ஒருமையில் ஒருவனைப் புகழ, அந்த ஒருமையையே அடுத்த அடி மறுக்கிறது. சொல் திரும்ப வருவதைக் கொண்டே இந்தப் பாடல் இயங்குகிறது என்று ஏற்றால், ஒருவற் என்னும் பாடத்தையே கொள்ள வேண்டும் என்பது என் முடிபு. ஒருவர்ப் என்பதை விரும்புவோர் தங்கள் காரணத்தை எழுத வேண்டுகிறேன்.

தளைத்தேர்வு

ஒருவற் என்பதற்கே என் வாக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வல்லின றகர ஒற்றுக்குப் பின் புகழ்வர் என்பதன் பகரம் வரும்போது நாக்கு ஒரு கணம் நின்று பிறகே இதழ் சேர்கிறது. அந்த நிறுத்தம் ஒருவன் என்ற சொல்லைத் தனித்து நிறுத்திக் காட்டுகிறது. ஒருவர்ப் புகழ்வர் என்று சொன்னால் ஓசை இடைவெளியின்றிப் புகழுக்குள் ஓடிவிடுகிறது, ஒருவன் காதில் தங்குவதில்லை. மூன்றாமடியில் அவன் திரும்பி வரும்போது அடையாளம் தெரிய வேண்டுமானால், இரண்டாமடியில் அவன் சற்று நின்றிருக்க வேண்டும்.